திரும்ப எடுக்கப்படமாட்டாது

டொக்டர் எழுதிய துண்டில்
காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள்.
ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போட இடமிருந்தது.
இரண்டாம் முறை வந்தபோது
அந்த இடத்தில் ஒரு 1 நின்றது.
டொக்டரின் பேனை கறுப்பு.
அந்த ஒன்று நீலம்.
நான் பதினைந்து நாளுக்கு எண்ணிக் கொடுத்தேன்.

சீனன்குடா மா ஆலையில்
லொறித் தட்டிலிருந்து மூட்டையோடு விழுந்தவன் எட்மன்.
முள்ளந்தண்டில் ஏதோ பிதுங்கியிருக்காம்.
ஆலை சொன்னது: எங்கட ஆளில்லை, கொந்தராத்து.
கொந்தராத்துக்காரன் சொன்னது: செவ்வாய்க்கிழமை வா.
செவ்வாய்க்கிழமை போனான்,
பச்சையும் மஞ்சளுமாய் ஒரு குளுசையை விழுங்கிவிட்டு.
மிச்சக்காசு வாங்க நீட்டும் கையில்
நகக்கண்களில் மா ஒட்டியிருக்கும்.

ஆவணியில் ஒருநாள்
அந்த நகங்கள் சுத்தமாயிருந்தன.
வேலை போய்விட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரியும்.
துண்டு மடிப்புகளில் கிழிந்து
நாலு துண்டாகியிருந்தது.
மேசையில் அடுக்கி வைத்துக் காட்டினான்.
பிறகு காட்டவும் இல்லை,
நான் கேட்கவும் இல்லை.

பஸ் நிலையத்து மான்கள்
காட்போட் தின்னக் கடைவாசலுக்கு வரும்.
ஒன்று அவன் எறிந்த வெற்று அட்டையைக் கவ்விவிட்டது.
படியில் குந்தியிருந்தவன் எழும்பி
அதன் வாய்க்குள் விரல் விட்டு இழுத்தெடுத்தான்.
"இது உனக்குக் கூடாது" என்றான்,
மானிடம்,
மிகவும் மரியாதையாக.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல வரமாட்டேன்.
"நாங்க குடுக்காட்டி முன்கடைக்காரன் குடுப்பான், பிள்ளை."
முன்கடையிலும் ஒரு பிள்ளை
எங்களைக் காட்டிச் சொல்லப்பட்ட இதே வசனத்தைக்
கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள்.
விற்பனையில் எனக்கு நூற்றுக்கு ஒன்று.
ஒரு இரவு பில் கட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்:
என் ஸ்கூட்டி லீசிங்கில்
அவன் முதுகு கட்டியது
இரண்டரைத் தவணை.

ஐப்பசியில் அவன் வரவில்லை.
குளுசை விலை ஏறிவிட்டது, தூள் மலிவு என்றார்
ஓட்டோ ஓட்டுகிறவர், வானிலை சொல்வதுபோல.
கார்த்திகை மழையில்
மட்டிக்களிப் பக்கம் கிடந்தானாம்.
திருக்கடலூர்ப் பெடியன் ஒருவனைப் பிடித்தார்கள்,
பதினேழு வயது, பொக்கெற்றில் மூன்று சரை.
பேப்பரில் அவன் படம், முகத்தைக் கையால் மூடியபடி.
'சந்தேகநபர் கைது.'
ஒருமையில்தான் போட்டிருந்தது.
இரண்டுதரம் வாசித்தேன்.

நேற்று மெற்றில்டா வந்தாள்.
கறுப்புச் சட்டை, கையில் ஒரு அட்டை.
"அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தவர்.
பத்தும் இருக்கு, உடைக்கேல்ல.
திகதியும் முடியேல்ல, பாத்திட்டன்.
முப்பத்தோராம் நாள் பூசைக்குக் காசு காணாது.
திருப்பி எடுப்பீங்களோ?"

என் தலைக்கு மேலே பலகை:
விற்ற மருந்து திரும்ப எடுக்கப்படமாட்டாது.
எழுத்து என்னுடையது.
சேர்ந்த புதிதில், வடிவாய் இருக்கட்டும் என்று
சிவப்பு மையில் எழுதித் தொங்கவிட்டது.
எடுக்கமாட்டாதவர் யாரென்று
அந்த வசனத்தில் இல்லை.
அவள் அதை வாசித்தாள்.
வாசித்துவிட்டும் நின்றாள்.

என் பேர்சிலிருந்து கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து, இருபது ரூபாய் கூட என்று
திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

"உடைக்காத அட்டைதானே" என்றார் முதலாளி,
"தட்டில வை."

வைக்கவில்லை.
கைப்பைக்குள் கிடக்கிறது.
கடலில் போடலாம் என்று டச்பே வரை போனேன்;
பெடியன்கள் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.
வீட்டில் தம்பி இருக்கிறான்.
குப்பைத்தொட்டிக்குக் கொண்டு வந்தால்
அங்கே ஏற்கெனவே ஒன்று,
புள்ளி போட்ட முதுகு,
ஈரமான மூக்கு,
என் கையையே பார்த்துக்கொண்டு.